தறி நின்ற நாளில் கேட்டது

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. பராமரிப்பு வேலைக்காக மாதம் ஒருமுறை நிறுத்துவார்களே, அந்த நாள்.

ஃபேன் ஓடவில்லை. செல்போனில் சார்ஜ் இல்லை. 'இந்த மனிதர் நாள் பூராவும் வீட்டுக்குள்ளேயே சுற்றி வரப்போகிறாரா?' என்ற கவலை என் மனைவியின் முகத்தில் தெரிந்தது. என் மூக்குக் கண்ணாடியில் ஒரு திருகு லூஸாகி இருந்தது. அதைச் சாக்காக வைத்துக் கிளம்பிவிட்டேன்.

கண்ணாடிக் கடைக்குத் தறித் தெரு குறுக்கு வழி. மற்ற நாட்களில் அந்தப் பக்கம் போகமாட்டேன். இரண்டு பக்கமும் வீட்டை ஒட்டி வீடு, நடுநடுவே விசைத்தறிக் கூடங்கள். அந்தச் சத்தம் காதில் மட்டும் கேட்காது, நெஞ்சுக்கூட்டிலும் கேட்கும். அன்றைக்குத் தெரு அமைதியாக இருக்கும் என்று நம்பிப் போனேன்.

அமைதியா? தெருவே வெளியே வந்து உட்கார்ந்திருந்தது. ஆணும் பெண்ணுமாக, பாய் விரித்தும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டும் ஒரே பேச்சு. ஒருவர் கல்யாணத் தேதி கேட்கிறார். இன்னொருவர் குழாய்த் தண்ணீருக்குச் சண்டை போடுகிறார். ஒரு பெண் தலைக்கு எண்ணெய் தேய்த்தபடியே வீட்டு வாடகைப் பஞ்சாயத்து நடத்துகிறார்.

ஒரு சரக்கு ஆட்டோ நின்றிருந்தது. அதைத் தாண்டப் போனவன், அப்படியே நின்றுவிட்டேன். அந்தப் பக்கம் பேச்சில் உருண்டுகொண்டிருந்தது என் தலை.

"ஏட்டி வேலம்மா, சாரு எப்படி நின்னாருன்னு செஞ்சு காட்டு."

எட்டிப் பார்த்தேன். வேலம்மா என்ற இளம்பெண் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு, கழுத்தைப் பின்னுக்கு இழுத்து, சாணியை மிதித்தவர் மாதிரி பின்வாங்கிக் காட்டினார். தெரு சிரித்தது. ஒப்புக்கொள்கிறேன். அச்சாக நானேதான்.

"பங்கேற்பு போதாதுன்னு மெசேஜ் வந்துருக்கே... பங்கேற்புன்னா என்னதுக்கா?"

"எல்லாரும் தறிய நிறுத்திப்போட்டு வந்து அவருக்குக் கும்பிடு போடணும். அதாம் பங்கேற்பு."

"கும்பிடு போட்டா அன்னைக்குள்ள கூலிய அவரு தருவாராமா?"

"தருவாரு, தருவாரு. அதுக்குத் தனியா ஒரு அப்ளிகேஷன் போடணும்!"

மறுபடி சிரிப்பு. ஆட்டோவுக்குப் பின்னால் எனக்கு வியர்த்தது. கரண்ட் இல்லாததால் மட்டும் அல்ல.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வட்டாரத்திலிருந்து வெளிநாடு போனவர்கள் சிலர் சேர்ந்து ஒரு நிதி வைத்திருக்கிறார்கள். தெருக்காரர்களே யோசித்து, தெருக்காரர்களே கூடிச் செய்யும் வேலைகளுக்கு ஆண்டுதோறும் சிறு உதவித்தொகை கொடுப்பார்கள். பெரிய பணம் இல்லை. ஒரு நடுத்தரக் கல்யாணத்தின் பந்தல் செலவுக்குக்கூடக் காணாது. ஆனால் சரியான தெருவுக்குப் போனால் பெரிய காரியம் நடக்கும்.

சரியான தெரு எது என்று சொல்ல மூன்று பேர். கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்ற நான். பாத்திரக்கடை ஆவுடையப்பன் அண்ணாச்சி. கடையநல்லூர் மைதீன். மைதீன் பல வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவர், நிதிக்குச் செயலாளர். மூவரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் நகரும்.

தறித் தெருவிலிருந்து விண்ணப்பித்தவர் பேச்சியம்மாள். அவருடைய கணவர் மாடசாமிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. பேச்சியம்மாள் நாலு வீடு தள்ளி ஒரு தறிக்கூடத்தில் சேலை நெய்கிறார். ஒருநாள் காலையில் மாடசாமி கட்டிலிலிருந்து சுவர்ப் பக்கமாக விழுந்து, கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் சிக்கிக்கொண்டார். கைக்கு எட்டிய தட்டைத் தரையில் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். யாருக்குக் கேட்கும்? மதியச் சாப்பாட்டுக்குத் தறியை நிறுத்திவிட்டு வந்தபோதுதான் பேச்சியம்மாள் பார்த்தார்.

அந்தத் தெருவில் இப்படிப் படுக்கையில் கிடப்பவர்கள் இன்னும் சிலர் உண்டு. நிறைமாதக் கர்ப்பிணிகள் உண்டு. செல்போன் மணி கேட்காது. வைப்ரேஷனில் வைத்தாலும் தெரியாது. தரையே வைப்ரேஷனில்தான் இருக்கிறது. அதனால் அவர்கள் கேட்டது மிக எளிய ஒன்று. வீட்டுக்குள் ஒரு சுவிட்ச். தறிக்கூடத்தில், நெய்பவரின் கண்ணுக்கு நேரே ஒரு சிவப்பு பல்பு. காது கேட்காத இடத்தில் கண்ணைக் கூப்பிடும் ஏற்பாடு. அவ்வளவுதான்.

இதை நான் எப்படித் தட்டிவிட்டேன்?

நேரில் பார்க்கப் போனேன். எனக்கு வசதியான நேரத்தில்... ஒரு புதன்கிழமை, காலை டிபன் முடித்து. தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பேச்சியம்மாள் மட்டும் தலையெல்லாம் பஞ்சுத் துகளோடு ஓடி வந்தார். என் முகத்துக்கு நேராக நின்று, "வாங்க சார்! இங்கனதான் சார் வீடு!" என்று கத்தினார். வாழ்நாளெல்லாம், 'சைலன்ஸ்' என்று சொல்லியே சம்பளம் வாங்கியவன் நான். ஒரு பெண் என் மூஞ்சிக்கு நேரே கத்தியதும் காதைப் பொத்திப் பின்வாங்கினேன். மற்றவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை மட்டும் காட்டிவிட்டுத் தறிக்குத் திரும்பிவிட்டார்கள். சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்கள். தறி நின்றால் கூலியும் நிற்கும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். அன்று அது ஞாபகத்தில் இல்லை. என் மரியாதைதான் ஞாபகத்தில் இருந்தது.

வீட்டுக்குள் போகவில்லை. மாடசாமியைப் பார்க்கவில்லை. திரும்பி வந்து அறிக்கை எழுதினேன். மக்கள் பங்கேற்பு போதாது. அணுகுமுறையில் பணிவு இல்லை. மின்தடை ஏற்பட்டால் திட்டம் செயல்படாது... கடைசி வரியை எழுதியபோது எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது. இயற்பியல் அல்லவா?

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பட்டியலில் அடுத்து இருந்தது யார் தெரியுமா? எங்கள் நடைப்பயிற்சிக் குழு. ஸ்டேஷன் ரோட்டில் காலையில் நடப்பவர்கள் உட்காரச் சிமெண்ட் பெஞ்சுகள் கேட்டிருந்தோம். தறித் தெரு கீழே இறங்க, பெஞ்சு மேலே ஏறியது. திட்டமிட்டுச் செய்தேனா? இல்லை. ஆனால் பெஞ்சுக்கு என்று முடிவானபோது என் முதுகு சந்தோஷப்பட்டது உண்மை.

வாராவாரம் இந்தப் பக்கத்தில் ஊராருக்குப் புத்தி சொல்கிறேன். அதைப் படித்துவிட்டு நீங்களும் கடிதம் போடுகிறீர்கள். இந்த வாரம் என்னைப் பற்றியும் படித்துவிடுங்கள்.

ஆட்டோவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். திரும்பி ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் இந்த வயதில் ஓடினால் அதையும் வேலம்மா செய்து காட்டுவார்.

சிரிப்பு சட்டென்று நின்றது. பேச்சியம்மாள் எழுந்து வந்தார்.

"வாங்க சார். பிள்ளைங்க வெளையாட்டுக்குப் பேசுதாவ. தப்பா எடுத்துக்கிடாதீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எவ்வளவு மெல்லிய குரல்! இதே அம்மாவா அன்று கத்தினார்? ஆம், தறி ஓடும்போது கத்தினார். கத்தாமல் எப்படிப் பேசுவார்?

"தப்பு என்மேலதாம்மா. நான் எழுதுனது தப்பு" என்றேன்.

"எழுதுனத அழிப்பீங்களா சார்?" என்றார் வேலம்மா. பட்டென்று வந்தது. சிரிப்பு இல்லை.

"அழிக்க முடியாது. மாத்தி எழுதலாம். எழுதுவேன்."

"பாப்போம்" என்றார். நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்?

மாடசாமியின் வீட்டுக்குள் போனேன். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது குறைந்தவர். இடது கையில் ஒரு கரண்டி, பக்கத்தில் நெளிந்துபோன எவர்சில்வர் தட்டு. என்னைப் பார்த்ததும் தட்டை ஓங்கி ஒரு தட்டு தட்டினார். வணக்கம் சொல்கிறார் என்று புரிந்துகொண்டேன். வாசலில் இருந்த அத்தனை தலைகளும் உள்ளே திரும்பின. "என்ன மாமா வேணும்?" என்று எதிர்வீட்டிலிருந்தே ஒரு பையன் கேட்டான்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கரண்ட் போனால் பல்பு எரியாதுதான். கரண்ட் போனால் தறியும் ஓடாதே! தறி ஓடாவிட்டால் பல்பு எதற்கு? ஒரு தட்டு தட்டினால் தெருவே திரும்புகிறது. இந்தச் சின்னக் கணக்கு கூடப் புரியாமல் இத்தனை வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன்.

பேசிக்கொண்டே இருந்ததில் மதியம் ஆகிவிட்டது. திடீரென்று கரண்ட் வந்தது. பாயைச் சுருட்டிக்கொண்டு ஆட்கள் எழுந்தார்கள். ஒரு தறி தொடங்கியது. அப்புறம் பக்கத்தில் ஒன்று. அப்புறம் எல்லாம். வாசலில் நின்றபடி திரும்பிப் பார்த்தேன். மாடசாமி தட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். கரண்டி ஏறி இறங்குவது தெரிந்தது. சத்தம் எனக்கு வரவில்லை. என்னிடமிருந்து அந்தக் கட்டில் நாலு எட்டுத் தூரம்தான்.

கண்ணாடிக்குத் திருகு போடாமலே வீட்டுக்கு வந்தேன். மனைவியிடம் சொன்னேன். "போய்ச் சரி பண்ணுங்க. எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றாள். சரிதானே.

மறுநாள் காலை, நடக்கும்போதே அண்ணாச்சியிடம் விஷயத்தை எடுத்தேன். நடை நின்றது.

"என்னவே சொல்லுதீரு? பெஞ்சுக்கு ஆர்டர் குடுத்தாச்சு. சாயுத பலகையில உபயம்னு நம்ம எல்லார் பேரும் எழுதச் சொல்லியாச்சு."

"பணம் நம்மது இல்லையே அண்ணாச்சி. நாம எப்படி உபயம்?"

"உம்ம பேரும் அதுல இருக்கு வே!"

"அதை எடுத்துருங்க. நான் கையெழுத்துப் போடல."

அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரிட்டயர் ஆன பொறவு மனசாட்சிக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டிருக்கீராக்கும்? சம்பளம் யாரு குடுக்கா?"

கூட நடந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், வேறொருவரைச் சொல்லியிருந்தால்.

மைதீனுக்குப் போன் போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சார், இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள மூணு கையெழுத்தும் ஒரே பேருக்கு வரணும். இல்லன்னா இந்தத் தொகை வேற ஊருக்குப் போயிரும். நீங்க பெஞ்சுக்குப் போட மாட்டேங்கீங்க. அண்ணாச்சி பல்புக்குப் போட மாட்டாங்க. அப்ப ரெண்டு பேருக்கும் இல்லாமப் போயிருமே... அல்லாவுக்காக, பேசி முடிங்க சார்."

ஆக, நான் நேர்மையாக முரண்டு பிடித்தாலும் மாடசாமிக்குப் பல்பு இல்லை. மனசாட்சி வந்ததே, சீக்கிரம் வந்ததா? நான் பிடிவாதமாக ஒன்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் அண்ணாச்சியை அந்தத் தெருவில், தறி ஓடும் நேரத்தில் நிறுத்துவது. "வாங்க" என்று மூன்று முறை கூப்பிட்டேன். "கடைய யாரு பாப்பா?" என்றார். மூன்று முறையும்.

சரி, முதலில் என் அறிக்கையையாவது திருத்துவோம் என்று வியாழக்கிழமை நான் மட்டும் போனேன். இந்த முறை தறிக்கூடத்துக்குள்ளேயே போய் ஒரு ஓரமாக நின்றேன். பேச்சியம்மாள் ஒரே ஆள், பல தறிகளுக்கு நடுவில் நடந்துகொண்டே அறுந்த இழையை முடிகிறார், நூல் மாற்றுகிறார். எங்கே பல்பு வைத்தால் கண்ணில் படும் என்று பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் ஆனது என்றே தெரியவில்லை.

வெளியே வந்தால், தெருமுனையிலிருந்து ஒரு மொபட் தாறுமாறாக வருகிறது. அண்ணாச்சி! வேட்டி பறக்கிறது. முகமெல்லாம் வேர்வை. வண்டியைப் போட்டது போட்டபடி என் முன்னால் வந்து நின்று வாயைத் திறந்து திறந்து மூடினார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை.

"என்ன அண்ணாச்சி?" என்று நான் கத்தினேன்.

என் காதோடு வாயை வைத்து அவர் கத்தினார்: "போன எடும் வே, செத்தவனே! எம்புட்டு நேரமாக் கூப்பிடுதேன்!"

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தேன். திரை நிறைய அவருடைய தவறிய அழைப்புகள். திட்டுவதற்காகத்தான் முதலில் கூப்பிட்டிருக்கிறார். நான் எடுக்கவில்லை. கோபித்துக்கொண்டேன் என்று நினைத்து மறுபடி கூப்பிட்டிருக்கிறார். எடுக்கவில்லை. என் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பது அவருக்குத் தெரியும். என் வீட்டுக்குப் போன் போட்டால், "தறித் தெருவுக்குப் போனாவ, இன்னும் காணோம்" என்று பதில். கடையைப் பூட்டக்கூட இல்லையாம்.

அவர் கையைப் பிடித்து மாடசாமி வீட்டுக்குக் கூட்டிப்போனேன். மாடசாமி புது ஆளைக் கண்டதும் வழக்கப்படி தட்டைத் தட்டினார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற எங்களுக்கே லேசாகத்தான் கேட்டது. அண்ணாச்சி தட்டைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், தன் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

பிறகு தட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பாத்திரக் கடைக்காரர் இல்லையா? "நல்ல கனமான தட்டு. இத நெளிக்கதுன்னா எம்புட்டுத் தட்டிருக்கணும்..." என் காதருகே சொன்னது பாதிதான் கேட்டது.

தெருவைத் தாண்டி, பேச்சு கேட்கும் இடத்துக்கு வந்ததும் வியாபாரி விழித்துக்கொண்டார்.

"அது சரி வே. கரண்ட் போச்சுன்னா பல்பு எரியாதே?"

எனக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்தது. "கரண்ட் போனா தறியும் நின்னுரும் அண்ணாச்சி. நானும் இதே கேள்வியத்தான் எழுதி வச்சிருந்தேன்."

"அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே கிளாஸ்தானா!" என்றார். கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழமை நம்ம ஆளுவகிட்ட நீரே சொல்லும். ஏச்சையும் நீரே வாங்கும்."

சொன்னேன். வாங்கினேன். ஸ்டேஷன் ரோட்டில் எல்லோரையும் நிற்க வைத்து, அறிக்கையில் நான் எழுதியதையும் ஏன் எழுதினேன் என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். "உம்ம பாவத்துக்கு எங்க பெஞ்சா?" என்றார் ஒருவர். "பத்தியில எழுத மேட்டர் கெடச்சுட்டு உமக்கு" என்றார் இன்னொருவர். இரண்டு பேர் அன்றிலிருந்து நான் வருவதைப் பார்த்தால் எதிர்ப்பக்கமாக நடக்கிறார்கள். நியாயம்தான்.

கடைசியில் அண்ணாச்சிதான் பேசினார். "பல்பு அங்கன போகட்டும். பெஞ்சு நம்ம காசுல போடுவோம். அப்ப உபயம்னு பெருசாவே எழுதிக்கிடலாம். என்ன சொல்லுதிய?"

சிலர் குனிந்து ஷூ லேஸைக் கட்டத் தொடங்கினார்கள். பிறகு ஒரு குரல்: "நடக்க வந்த எடத்துல உக்காருவானேன்? உக்காந்தா சுகர் கொறையுமா?" இன்னொரு குரல்: "டாக்டரும் உக்காரப்பிடாதுன்னுதான் சொல்லிருக்காரு." பொதுப் பணத்தில் எல்லோருக்கும் மூட்டுவலி இருந்தது. சொந்தப் பணம் என்றதும் முக்கால்வாசிப் பேருக்குக் குணமாகிவிட்டது! கடைசியில் ஒரே ஒரு பெஞ்சு வந்திருக்கிறது. அண்ணாச்சியின் காசு, அண்ணாச்சியின் பெயர். எல்லோரும் அதில்தான் உட்காருகிறோம்.

அன்று மாலையே மூன்று கையெழுத்தும் தறித் தெருவுக்கு விழுந்தன.

தேர்வுக் குழுவிலிருந்து விலகிவிடலாம் என்று யோசித்தேன். கௌரவமாக இருக்கும். ராஜினாமாக் கடிதம் நன்றாகவும் எழுத வரும். ஆனால் யோசித்துப் பார்த்தால் அது தப்பித்துக்கொள்ளும் வழி. தப்பாகப் போட்ட மார்க்கைத் திருத்தாமல் வாத்தியார் ஊரைவிட்டுப் போவது மாதிரி. விலகவில்லை. பதிலாக, நான் நேரில் போய் நிராகரித்த மற்ற இடங்களை ஒவ்வொன்றாக மறுபடி பார்க்கிறேன். கரிவலம்வந்தநல்லூர் பக்கம் ஒரு கிராமத்தில், 'கூட்டத்துக்கு ஆள் வரவில்லை' என்று எழுதியிருந்தேன். நான் போனது காலை பத்து மணிக்கு. ஆடு மேய்ப்பவர்கள் அந்நேரம் ஊரில் இருப்பார்களா? போன வாரம் பொழுது சாய்ந்து போனேன். ஆட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி எங்கே கட்டுவது என்று ஊரே நின்று சண்டை போட்டது. என்னை யாரும் கவனிக்கக்கூட இல்லை. பங்கேற்பு என்றால் அதுதான் போலிருக்கிறது.

ஆள் வரவில்லை என்று எழுதுவதற்கு முன், நாம் போன நேரம் யாருடைய நேரம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எனக்கு இது புரிய எழுபது வயது தாண்ட வேண்டியிருந்தது. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம்.

தறித் தெருவில் இப்போது பல்புகள் எரிகின்றன. கம்பி இழுத்தது, சுவரில் துளை போட்டது எல்லாம் தெருக்காரர்கள், அடுத்த மின்தடை நாளில். நான் போயிருந்தேன். எனக்கு நாற்காலி போட்டார்கள். வேலம்மா டீ கொடுத்தார். இன்னும் முழுசாக நம்பவில்லை என்பது டீயின் சர்க்கரையில் தெரிந்தது.

மறுநாள் தறி ஓடத் தொடங்கிய சற்று நேரத்தில் பேச்சியம்மாளின் பல்பு எரிந்ததாம். தறிகளை அப்படி அப்படியே நிறுத்திவிட்டு நாலு வீடும் தாண்டி ஓடியிருக்கிறார். மாடசாமி கட்டிலில் நன்றாகத்தான் இருந்தார். தண்ணீர் வேண்டுமா? இல்லை. வலிக்கிறதா? இல்லை. ஒன்றும் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, சுவிட்சைக் காட்டிச் சிரித்தாராம்.

அன்று அரைநாளில் இன்னும் பல தடவை பல்பு எரிந்தது. தறி முதலாளி முகம் சுளித்தார். பேச்சியம்மாள் கணவரைப் பொய்க்கோபத்தோடு ஏசிவிட்டுப் போனாராம்.

போகிற வழியில் கம்பி இழுத்த ஆளைப் பார்த்து, சுவிட்சை மாடசாமியின் கைக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் மாற்றிவைக்கச் சொல்லிவிட்டுத்தான் தறிக்குப் போனாராம்.